வீட்டுக்குள் ஏரோபிக் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனாவால் 2021 மே 10 முதல் மீண்டும் முழு ஊரடங்கு வந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்தின் வடசேரியிலிருந்தும் தக்கலையிலிருந்தும் குளச்சலிலிருந்தும் பலர் வீட்டுக்குள் செய்யும் ஏரோபிக் பயிற்சியை, அதாவது மூச்சும் நாடித்துடிப்பும் கூடும்படி தொடர்ந்து செய்யும் பயிற்சியை, கைபேசியில் படம்பிடித்து எனக்கு அனுப்பினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு நான் செய்த பிழைகளையே அவற்றில் கண்டேன். வயிறு நிறைய உண்டதும் குதிக்கக் கூடாது என்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்வன நோயற்ற பெரியவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

வியர்வையை அளவுகோலாகக் கொள்வது

"சட்டையைப் பிழியலாம், அவ்வளவு வேர்த்தது, நல்ல பயிற்சிதானே?" என்று அப்போது ஒரே வாரத்தில் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். இந்தக் கேள்வி எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. 2020 ஏப்ரலில் இதே நம்பிக்கையோடுதான், நாகர்கோவில் வீட்டு மாடியில் தகரக் கூரை போட்ட அறையில், சன்னல்களை அடைத்து, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடினேன். எடை ஒரு கிலோ குறைந்தது. குடித்த தண்ணீரோடு இரவுக்குள் திரும்பிவிட்டது. ஐந்தாம் நாள் கண் இருட்டி, கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி படியில் உட்கார்ந்தேன். அதன்பின் பத்து நாள் பயிற்சியே இல்லை.

வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. கடலோரமான நம் மாவட்டத்தில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால், அது ஆவியாகாமல் மொசைக் தரையில் சொட்டுச்சொட்டாக விழுகிறது. உடற்சூடு ஏற, தசைகளோடு தோலுக்கும் கூடுதல் இரத்தம் அனுப்ப வேண்டிய இதயம், அதே வேலைக்கு இன்னும் வேகமாகத் துடிக்கிறது. ஆகவே வேர்த்துக் கொட்டுவது பெரும்பாலும் புழுக்கத்தைத்தான் காட்டுகிறது. உழைப்பை அதைக் கொண்டு அளக்க முடியாது.

பேச்சைக் கொண்டு அளவிடுங்கள். பயிற்சியின் நடுவே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். எண் வேண்டுவோர் 220இலிருந்து வயதைக் கழித்து, வரும் தொகையில் 64 முதல் 76 விழுக்காட்டுக்குள் நாடித்துடிப்பை வைத்துக்கொள்ளலாம். 40 வயதினருக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 115 முதல் 137. நிறுத்தியவுடன் மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். சன்னல்களைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, வெயில் ஏறுமுன் செய்யுங்கள்.

வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் குதிப்பது

குதிகால் வலி வந்தால் எளிதில் போகாது. காலணி அணியுங்கள்; கயிறு தாண்டுவதற்குப் பதிலாக மாடிப்படியின் முதற்படியில் ஏறி இறங்குங்கள்.

ஒரு வாரப் பயிற்சியை ஞாயிறன்றே முடிப்பது

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. புதிதாகத் தொடங்குவோர் அதை ஐந்து நாளுக்குப் பிரித்துக்கொள்வதே மூட்டுகளுக்கு நல்லது. ஒரே மூச்சில் 30 நிமிடம் இயலாதவர் மூன்று வேளையாகப் பத்துப் பத்து நிமிடம் செய்யலாம்.

காய்ச்சலோடு செய்வது

கூடவே கூடாது. கொரோனா தொற்றிலிருந்து மீண்டவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே மீண்டும் தொடங்க வேண்டும்.