சாலை விபத்து இழப்பீட்டு மனு: ஏ.ஆர். காப்பியை முதலில் படித்துப் பாருங்கள்

என் தம்பியின் பைக்கில் கார் மோதிக் கால் முறிந்தபோது, மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 166-இன்கீழ் மனுச் செய்யத் தேவையான ஆவணங்களை நான்தான் அலைந்து திரட்டினேன்.

முதலில் காலக்கெடு. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓட்டுநர், வாகன உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகியோரை எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும்.

அடுத்து, முதல் தகவல் அறிக்கையில் மோதிய வாகனத்தின் பதிவெண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நாங்கள் தடுக்கி விழுந்த இடம் ஏ.ஆர். காப்பி, அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். தம்பியைத் தூக்கி வந்தவர் மோதலைப் பார்க்காதவர். அவர் சொன்னபடி, "வண்டியிலிருந்து தவறி விழுந்ததாக" என்று பணி மருத்துவர் பதிந்துவிட்டார். குறுக்கு விசாரணையில் காப்பீட்டுத் தரப்பு முதலில் பிடித்துக்கொண்டது அந்த வரியைத்தான். குற்ற வழக்கைப்போல ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பதால், நேரில் பார்த்தவரின் சாட்சியம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவற்றைக் கொண்டு அதை ஈடுகட்ட முடிந்தது; ஆயினும் பல மாதங்கள் வீணாயின. அவசரப் பிரிவில் உடனிருப்பவர், எந்த வாகனம் எப்படி மோதியது என்பதைத் தாமே மருத்துவரிடம் சொல்வது நல்லது.

மருந்துக் கடை ரசீதுகளின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். கைபேசியில் படமெடுப்பதை விட, அன்றன்றே ஜெராக்ஸ் எடுத்துத் தேதி வாரியாகக் கோப்பில் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதமே வருமான இழப்பின் சதவீதம் ஆகிவிடாது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியபடி, அந்த ஊனம் காயமடைந்தவருடைய தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்பதே கணக்கு. சாரம் ஏறும் கொத்தனாருக்கும் அமர்ந்து வேலை செய்யும் எழுத்தருக்கும் ஒரே கால் ஊனம் ஒரே இழப்பைத் தராது. ஆகவே, செய்யும் வேலையின் தன்மையை மனுவிலேயே விரிவாக எழுதுங்கள்.

பின்சேர்க்கை: வெளியூரில் விபத்து நடந்தால் அங்கேதான் வழக்குத் தொடர வேண்டுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டியதில்லை, மனுதாரர் குடியிருக்கும் பகுதிக்கு உரிய தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யலாம்.