காரமான இறால், கணவாய் அடைத்த சுட்ட உருளைக்கிழங்கு: முதல் முறை செய்பவர்களுக்கு

முழு உருளைக்கிழங்கு ஓவனில் வேக ஒரு மணி நேரம் ஆகும். இறாலுக்கு மூன்று நிமிடம் போதும், கணவாய்க்கு அதுகூட வேண்டாம். இந்த இரண்டையும் ஒரே தட்டுக்குக் கொண்டுவருவதுதான் இந்தச் சமையலில் இருக்கும் ஒரே சிக்கல், மற்றபடி வெங்காயம் வதக்கத் தெரிந்த யாரும் இதைச் செய்துவிடலாம். கிழங்கைக் குடைந்து பச்சை இறாலை உள்ளே போட்டு ஒரேயடியாக ஓவனில் தள்ளினால் என்ன என்று தோன்றும். கிழங்கு வேகும் நேரத்துக்குள் இறால் ரப்பராகிவிடும், அதிலிருந்து இறங்கிய தண்ணீரில் கிழங்கும் ஊறிப்போயிருக்கும். அதனால் கிழங்கை முழுதாகச் சுட்டு முடித்துவிட்டு, கடல் உணவைத் தனியாக முக்கால் வேக்காட்டில் நிறுத்தி, கடைசிப் பத்து நிமிடம் மட்டும் இரண்டையும் சேர்த்து ஓவனில் வைக்கப்போகிறோம்.

ஒன்றே முக்கால் மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி ஓவன் செய்யும் வேலை, அந்த நேரத்தில் இறாலைச் சுத்தம் செய்து வெங்காயம் நறுக்கி முடித்துவிடலாம்.

தேவையானவை (4 பேருக்கு)

பெரிய உருளைக்கிழங்கு 4, ஒவ்வொன்றும் 250 முதல் 300 கிராம் வரை
தோல் உரித்த இறால் 200 கிராம்
சுத்தம் செய்த கணவாய் 150 கிராம்
வெண்ணெய் 40 கிராம்
நடுத்தர வெங்காயம் 1, பூண்டு 5 பல்
மிளகாய்த்தூள் ஒன்றரை தேக்கரண்டி, மிளகுத்தூள் அரை தேக்கரண்டி
தக்காளிப் பேஸ்ட் 1 மேசைக்கரண்டி
க்ரீம் 3 மேசைக்கரண்டி
துருவிய சீஸ் 80 கிராம்
எலுமிச்சை அரை மூடி, கொஞ்சம் வெங்காயத்தாள், எண்ணெய், உப்பு

கிழங்கு எது வாங்குவது

இதில் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் தவறான கிழங்கை எடுத்துவிட்டால் பிறகு எதைச் செய்தும் சரிசெய்ய முடியாது. வெந்ததும் உதிரியாகப் பூத்துவரும் மாவுக் கிழங்கு வேண்டும். ரஸட், கிங் எட்வர்ட், மாரிஸ் பைப்பர் எல்லாம் அந்த ரகம். தோல் மெல்லிசாகப் பளபளவென்று இருக்கும் புதுக்கிழங்கு வேண்டாம், அதில் மாவுச்சத்து குறைவு, எவ்வளவு நேரம் சுட்டாலும் மெழுகுத்தன்மையோடு கெட்டியாகத்தான் நிற்கும். ரகத்தின் பெயர் தெரியவில்லை என்றால் ஒரு பங்கு உப்பைப் பதினோரு பங்கு தண்ணீரில் கரைத்துக் கிழங்கைப் போட்டுப் பார்க்கலாம்: மாவுக் கிழங்கு அடர்த்தி அதிகம் என்பதால் மூழ்கும், மற்றது மிதக்கும். எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்யத் தேவையில்லை, ஆனால் செய்து பார்க்க நன்றாக இருக்கும்.

நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும், இல்லையென்றால் சின்னது வெந்து வாடும்போது பெரியதற்குள் பச்சையாக இருக்கும். தோல் பச்சை நிறமாக மாறிய கிழங்கு வேண்டாம், அதில் சொலனின் என்ற நச்சுப்பொருள் கூடியிருக்க வாய்ப்பு உண்டு, சுட்டாலும் அது போகாது. வாங்கியதை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், சுடும்போது தோல் சீக்கிரமே கருகும்.

கிழங்கைச் சுடுவது

ஓவனை 200 டிகிரி செல்சியஸில் முன்சூடு செய்யுங்கள். கிழங்கை மண் போகத் தேய்த்துக் கழுவி, ஒரு முள்கரண்டியால் சுற்றிலும் ஏழெட்டு இடங்களில் குத்திவிடுங்கள். உள்ளே நீராவி அடைபட்டால் கிழங்கு வெடிக்கலாம், அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடந்தால் ஓவன் முழுக்கச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அரை கப் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, அதில் ஒவ்வொரு கிழங்கையும் புரட்டி எடுங்கள். தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தோல் முழுக்க ஒரே சீராகப் படியும். உப்பைக் கையால் தூவினால் பாதி ட்ரேயில்தான் இருக்கும்.

அலுமினியம் ஃபாயிலில் சுற்ற வேண்டாம். பல பேர் சுற்றுகிறார்கள், ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஃபாயிலுக்குள் நீராவி வெளியேற வழியில்லாமல் கிழங்கு அவிந்துதான் போகும், தோல் ஈரமாகச் சுருங்கிவிடும், நமக்கோ பூரணத்தைத் தாங்கி நிற்கும் மொறுமொறுப்பான தோல் வேண்டும். கம்பித்தட்டில் நேராக அடுக்கி, கீழே ஒரு ட்ரே வைத்துவிடுங்கள். 50 நிமிடம் கழித்து வெளியே எடுத்து மேலே எண்ணெய் தடவி மறுபடி 10 நிமிடம். எண்ணெயை ஆரம்பத்திலேயே தடவினால் தோலிலிருந்து ஈரம் வெளியேறுவது தடைபடும் என்பதால்தான் கடைசியில்.

வெந்துவிட்டதா என்று பார்க்கக் கத்தியைச் செருகினால் எந்த இடத்திலும் தடுக்காமல் நடுவரை இறங்க வேண்டும். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் நடுப்பகுதி 96 முதல் 99 டிகிரிக்குள் வந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

வெளியே எடுத்தவுடன், ஆறட்டும் என்று விடாமல், துணியால் பிடித்துக்கொண்டு நீளவாக்கில் இரண்டாக வெட்டிவிடுங்கள். முழுசாக ஆறினால் உள்ளே இருக்கும் நீராவி மறுபடி தண்ணீராகிச் சதையைப் பிசுபிசுப்பாக்கும். வெட்டியதும் ஆவி குபுகுபுவென்று கிளம்பும், அது போகட்டும். அப்புறம் ஸ்பூனால் சதையை எடுத்து, தோலோடு அரை சென்டிமீட்டர் கனத்துக்கு விட்டுவிடுங்கள். ரொம்பச் சுரண்டினால் ஓடு கிழிந்து பூரணம் ட்ரேயில் வழியும். குடைந்த ஓடுகளின் உள்பக்கம் கொஞ்சம் எண்ணெய் தடவி, மறுபடி ஓவனில் 8 முதல் 10 நிமிடம் காலியாகவே வையுங்கள். முதல் முறை செய்பவர்கள் தவிர்த்துவிடும் வேலை இதுதான். வெறும் ஓடு இப்படிக் காய்ந்து இறுகினால்தான் பின்னால் க்ரீமும் சீஸும் போட்டாலும் தளராமல் நிற்கும்.

எடுத்த சதையை முள்கரண்டியால் மசியுங்கள், அங்கங்கே சின்னக் கட்டி இருந்தால் நல்லதுதான். மிக்ஸி பக்கமே போகாதீர்கள், பிளேடு வேகத்தில் மாவுச்சத்து உடைந்து வெளியேறி எல்லாம் பசையாகிவிடும்.

கடல் உணவைத் தயார் செய்வது

உறைந்த இறால் என்றால் முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள், அவசரம் என்றால் பையோடு குளிர்ந்த தண்ணீரில் போடலாம். வெந்நீர் வேண்டாம், வெளிப்பக்கம் வேக ஆரம்பித்துவிடும். முதுகில் கீறிக் கறுப்பு நரம்பை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று துண்டாக வெட்டுங்கள். கணவாயை மெல்லிய வளையமாகவோ சின்னச் சதுரமாகவோ வெட்டலாம், சதுரம் என்றால் ஒவ்வொரு வாயிலும் ஒரு துண்டாவது வரும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

இப்போது முக்கியமான வேலை. இரண்டையும் கிச்சன் டவலில் பரப்பி ஈரம் போக நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு வாணலியில் விழுந்தால் அது வறுபடாது, தன் தண்ணீரிலேயே வேகும், அந்தத் தண்ணீரெல்லாம் கடைசியில் கிழங்குக்குள்தான் வரும்.

வாணலியை நன்றாகக் காயவைத்து ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு இறாலை ஒரே அடுக்காகப் போடுங்கள். ஒரு நிமிடம் தொடாமல் விட்டு, திருப்பி இன்னும் அரை நிமிடம். ஓரமெல்லாம் சிவந்து நடுவில் மட்டும் கொஞ்சம் கண்ணாடித்தன்மை மிச்சம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். அடுத்து கணவாய், அதற்கு முப்பது நாற்பது விநாடிதான், வெள்ளையாகிச் சுருளத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். கணவாய் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் மென்மையாக இருக்கும், அதைத் தாண்டினால் இறுகும், மறுபடி இளக வேண்டுமானால் அரை மணி நேரத்துக்கு மேல் மெதுவாக வேகவிட வேண்டும். நடுவில் எங்கே நிறுத்தினாலும் மெல்லவே முடியாது. வறுத்ததை ஒரு வடிகட்டியில் போட்டு வையுங்கள், மிச்சத் தண்ணீர் இறங்கட்டும். அந்தச் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள்.

கடல் உணவுக் கலவைப் பாக்கெட் வாங்கியிருந்தால் உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பல பாக்கெட்டுகளில் எல்லாம் ஏற்கெனவே வெந்தே வரும், அவற்றை வறுக்கவே கூடாது, உருக்கி, ஈரம் ஒற்றி, கடைசியில் பூரணத்தில் கலந்தால் போதும். வெந்த நண்டுச் சதையும் அப்படித்தான்.

காரம் சேர்ப்பது

அதே வாணலியில் தீயைக் குறைத்து வெண்ணெயைப் போடுங்கள். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, லேசாக நிறம் மாறும்வரை வதக்கி, நசுக்கிய பூண்டைச் சேர்த்து ஒரு நிமிடம் விட்டு, பிறகு மிளகாய்த்தூள். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். வெண்ணெயில் அரை நிமிடம் பொரிந்தால் காரம் பூரணம் முழுக்கப் பரவும், மேலே தூவினாலோ ஒரு வாய் சப்பென்றும் அடுத்த வாய் சுரீரென்றும் இருக்கும். ஆனால் அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம், தூள் கருகினால் கசக்கும். உடனே தக்காளிப் பேஸ்ட்டைப் போட்டு, வடிகட்டியில் இறங்கிய சாற்றையும் ஊற்றி, தண்ணீர் முழுக்க வற்றி வெண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை கிளறுங்கள். மிளகுத்தூளும் க்ரீமும் சேர்த்து அடுப்பை அணைத்துவிடலாம்.

கிழங்கே காரத்தையும் உப்பையும் நிறைய இழுத்துக்கொள்ளும், அதனால் வாணலியில் ருசி பார்க்கும்போது கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தால்தான் கடைசியில் சரியாக இருக்கும். உப்பை மட்டும் பார்த்துப் போடுங்கள், சீஸிலும் தோலிலும் ஏற்கெனவே இருக்கிறது.

அடைப்பது

மசித்த கிழங்கில் முக்கால்வாசியை வாணலியில் போட்டுக் கிளறுங்கள். எல்லாவற்றையும் போட்டால் ஓட்டில் அடங்காது, கடல் உணவும் கிழங்குக்குள் காணாமல் போய்விடும். இறால், கணவாய், பாதி சீஸ், எலுமிச்சைச் சாறு சேர்த்து, துண்டுகள் உடையாமல் புரட்டுங்கள். பூரணம் சூடாக இருக்கும்போதே ஓடுகளில் குவித்து வைத்து, அமுக்காமல் மேலே மேடு பள்ளமாகவே விடுங்கள், அந்த மேடுகள்தான் பொன்னிறமாகும். மீதிச் சீஸைத் தூவி, 220 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம். பூரணம் ஆறிப்போயிருந்தால் உள்ளே சூடேறக் கூடுதல் நேரம் பிடிக்கும், அதற்குள் கணவாய் கெட்டியாகிவிடும், அதனால்தான் சூட்டோடு அடைக்கச் சொல்கிறேன்.

சீஸ் உருகிக் கொதித்து அங்கங்கே புள்ளி விழுந்ததும் எடுக்கலாம். ஒரு இறால் துண்டைப் பிரித்துப் பாருங்கள், நடுவரை வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் இருக்க வேண்டும். தெர்மாமீட்டரில் நடுப்பகுதி 63 டிகிரியைத் தாண்டியிருந்தால் போதும். வெங்காயத்தாளைப் பொடியாக நறுக்கித் தூவிச் சூடாகப் பரிமாறுங்கள், விருந்தாளிகளுக்கு என்றால் இறால், கணவாய் ஒவ்வாமை யாருக்காவது இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

ஏர் ஃப்ரையர் மட்டும் இருந்தால் அதிலும் 200 டிகிரிதான், கிழங்குக்கு 40 நிமிடம் போதும், கூடைக்குள் இடைவெளி விட்டு வையுங்கள். மைக்ரோவேவில் குத்திய கிழங்கை முதலில் வேகவைத்து, ஓவனில் கடைசி கால் மணி நேரம் மட்டும் சுடுவதும் உண்டு. உள்ளே நன்றாகவே வரும், தோல் அந்த அளவுக்கு வராது.

மிச்சம் இருந்தால்

இரண்டு மணி நேரத்துக்குள் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, அடுத்த நாளே முடித்துவிடுங்கள். மறுபடி சூடாக்க 180 டிகிரி ஓவனில் 15 முதல் 20 நிமிடம், மைக்ரோவேவ் வேண்டாம், கணவாய் தாங்காது. சுட்ட கிழங்கைச் சுற்றிய ஃபாயிலோடு வெளியே விட்டுவைக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள். ஃபாயிலுக்குள் காற்று இல்லாத ஈரமான இடத்தில் பாட்டுலிசம் என்ற கடுமையான உணவு நச்சுநோய்க்குக் காரணமான கிருமி நச்சு உண்டாக்கும், 1994-இல் அமெரிக்காவின் எல் பாசோவில் அப்படி வெளியே கிடந்த கிழங்கில் செய்த உணவைச் சாப்பிட்டு 30 பேர் பாதிக்கப்பட்டார்கள். முன்கூட்டியே செய்து வைக்க நினைப்பவர்கள் கிழங்கைச் சுட்டுக் குடைந்து, ஓட்டையும் சதையையும் தனித்தனியாக ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, கடல் உணவை மட்டும் பரிமாறும் நாளில் சமைக்கலாம். அப்போது சதையை வாணலியில் நன்றாகச் சூடேற்றிய பிறகே இறாலைக் கலக்குங்கள்.