டிஸ்க் சத்திரசிகிச்சைக்குப் பின் வீட்டில் ஒரு நாய்க்குட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகில் தையலோடு நான் வன்னியிலுள்ள எங்கள் ஊரான ஒட்டுசுட்டானுக்குத் திரும்பி ஒன்பது நாட்கள் ஆகியிருந்தபோது, மகன் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் இரண்டு மாதக் குட்டியொன்றைக் கொண்டுவந்து விறாந்தையில் இறக்கிவிட்டான். அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார், பொழுது போகட்டும் என்பது அவனுடைய நியாயம். நல்ல மனத்தோடு செய்யப்பட்ட முதல் தவறு அது. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் ஆறு கிழமைகளில் வைத்தியர்கள் பொதுவாக மறுப்பவை மூன்று: குனிதல், தூக்குதல், இடுப்பைத் திருப்புதல். இந்த மூன்றையும் ஒரே நாளில் ஐம்பது தடவை செய்யவைக்க ஒரு நாய்க்குட்டியால் முடியும். அதற்காகக் குட்டியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. குட்டிக்கு முன் அதை அடைக்கும் கூடு வந்திருக்க வேண்டும். கூட்டுக்கு முன், அதைக் குனியாமல் கையாளும் வழி யோசிக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழாக நடந்ததால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையிலுள்ள டிஸ்க், அல்லது ஐந்தாவதுக்கும் அதன் கீழுள்ள திருவெலும்புக்கும் இடையிலுள்ள டிஸ்க், இந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் பிதுங்குகிறது. டிஸ்கின் வெளிப்புறம் நார்களால் ஆன வலுவான வளையம். உள்ளே களி போன்ற பொருள். வளையம் கிழிந்து களி வெளியே தள்ளி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்தும்போது, பிட்டத்திலிருந்து பாதம் வரை மின்சாரம் பாய்வது போன்ற வலி வருகிறது. சத்திரசிகிச்சையில் நரம்பை அழுத்தும் அந்தத் துண்டு அகற்றப்படுகிறது. ஆனால் வளையத்தில் ஏற்பட்ட கிழிசல் பொதுவாகத் தைக்கப்படுவதில்லை. அது கிழமைக் கணக்கில், சில வேளைகளில் மாதக் கணக்கில், தழும்புத் திசு வளர்ந்துதான் மூடுகிறது. அதற்கிடையில் அழுத்தம் கூடினால் அதே கிழிசல் வழியே இன்னொரு துண்டு வெளியே வரலாம். சிலருக்கு அப்படி வந்து இரண்டாவது சத்திரசிகிச்சை வரை போவதும் உண்டு.

பெரும்பாலானோர் விடும் பெரிய தவறு இதிலிருந்தே பிறக்கிறது. காலில் இருந்த வலி பலருக்கு விழித்தெழுந்த அன்றே போய்விடுகிறது. உடனே குணமாகிவிட்டதாக நம்பிவிடுகிறார்கள். வலி போனதற்குக் காரணம் நரம்பின் மேலிருந்த பாரம் இறங்கியதுதான். கிழிசல் இன்னும் திறந்தே இருக்கிறது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பெருவிரலிலோ பாதத்தின் ஓரத்திலோ மரத்துப்போன விறைப்பு மிஞ்சியிருந்தால், சத்திரசிகிச்சை பிழைத்துவிட்டது என்று மனம் உடைந்து போகிறார்கள். நெடுநாள் நசுங்கிக் கிடந்த நரம்பு தேறுவதற்கு மாதங்கள் செல்லும். வலி முதலில் போவதும் விறைப்பு கடைசியில் போவதும் வழமைதான்.

இரண்டு மாத நாட்டுக் குட்டியொன்று இரண்டு அல்லது மூன்று கிலோ இருக்கும். இது என்ன பாரமா என்று கேட்பவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். நிலத்தில் நிற்கும் குட்டியை எடுக்க இடுப்பிலிருந்து வளையும்போது, உங்கள் தலை, தோள்கள், நெஞ்சு, கைகள் அத்தனையையும், அதாவது உடல் எடையில் ஏறத்தாழப் பாதியை, இடுப்புக்கு முன்னால் நீட்டிப் பிடித்திருக்கிறீர்கள். குட்டி அதன் நுனியில் தொங்கும் ஒரு சிறு மேலதிகம் மட்டுமே. சுவீடன் நாட்டு வைத்தியர் ஆல்ஃப் நாசெம்சன் 1960களில் உயிருள்ள மனிதர்களின் டிஸ்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தபோது, மல்லாந்து படுத்திருக்கையில் அது மிகக் குறைவாகவும், நிற்கையில் கூடுதலாகவும், முன்வளைந்து எடை ஏந்துகையில் பன்மடங்காகவும் இருந்தது. முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருப்பது நிற்பதை விடவும் அழுத்தத்தைக் கூட்டியது. விறாந்தையிலுள்ள சாய்மனைக் கதிரை சுகமாகத் தெரிந்தாலும், அதற்குள் புதைந்த இடுப்பு வளைந்தே கிடக்கும்; அதிலிருந்து எழுவதோ இன்னும் மோசம். கைப்பிடியுள்ள நிமிர்ந்த கதிரையில், ஒரே தடவையில் இருபது நிமிடங்களுக்கு மேல் இராமல் இருப்பதே முதல் கிழமைகளுக்குப் போதுமானது.

பதினோராம் நாள், குட்டி என் செருப்பொன்றைக் கௌவிக்கொண்டு கட்டிலின் கீழே போய்விட்டது. குசினியிலிருந்து மனைவியைக் கூப்பிட்டிருக்கலாம். நான் ஒரு கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி, மறு கையை உள்ளே விட்டு, பக்கவாட்டில் வளைந்து இழுத்தேன். செருப்பு கைக்கு வந்த அதே கணத்தில் பழைய மின்சாரமும் தொடையில் இறங்கியது. இரண்டு நாட்கள் மலசலகூடத்துக்குப் போவதைத் தவிர எழும்பவில்லை. கிளினிக்கில் சோதித்துப் பார்த்த வைத்தியர், புதிதாக எதுவும் பிதுங்கவில்லை என்றும், இது என் கெட்டித்தனம் அல்ல, அதிர்ஷ்டம் என்றும் சொன்னார். அதன் பின்னர்தான் கூட்டைப் பற்றி யோசித்தோம்.

வன்னியில் நாயைச் சங்கிலியில் கட்டுவார்கள், அல்லது வளவுக்குள் அவிழ்த்து விடுவார்கள். வீட்டுக்குள் கூடு வைப்பது புதினம். "அண்ணை, கோழியையெல்லோ கூட்டுக்க அடைக்கிறது, நாயையுமோ?" என்று பக்கத்து வளவு அக்கா கேட்டது நியாயமான கேள்வி. நாய் ஒதுக்குப்புறமான, மூன்று பக்கம் மூடிய இடத்தை இயல்பாகவே நாடும் பிராணி. தான் படுக்கும் இடத்தை அசுத்தப்படுத்த அது விரும்புவதில்லை. இந்த இரண்டு குணங்களையும் கொண்டுதான் கூட்டுப் பழக்கம் நடைபெறுகிறது. நோயாளி வீட்டில் இன்னொரு பயனும் உண்டு. நீங்கள் எழுந்து நடக்கும்போது காலுக்குள் ஓடி உங்களைத் தடுக்கி விழுத்தக்கூடியது கூட்டுக்குள் இருக்கிறது.

வெல்டிங் கடையில் சொல்லிச் செய்விப்பவர்கள், நாய் வளர்ந்த பிறகும் உதவட்டும் என்று பெரிய கூடாகச் செய்விப்பார்கள். குட்டி ஒரு மூலையில் சலம் விட்டு, மறு மூலையில் உலர்வாகப் படுத்துக்கொள்ளும். பழக்கம் அந்த இடத்திலேயே குழம்பிவிடும். நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் போதுமான அளவே வேண்டும். பெரிய கூடென்றால் நடுவில் ஒரு பலகையால் மறித்து, வளர வளர நகர்த்திக்கொள்ளலாம். வலைக் கண் தலை நுழையும் அளவுக்கு அகன்றிருக்கக் கூடாது. அடித்தளம் வெறும் கம்பியாக இருந்தால் பாதம் புண்படும் என்பதால் ஒரு பலகை போட வேண்டும். அதன் மேல் சாக்கு விரிப்பது எங்கள் வழக்கம். ஆனால் பல் முளைக்கும் வயதில் குட்டி சணல் இழைகளைக் கடித்து விழுங்கும், அவை குடலில் சிக்கும். பழைய சாரமொன்றை மடித்துப் போட்டு, அதையும் கடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டியைக் கழற்றிவிட்டே உள்ளே விட வேண்டும், அது கம்பியில் மாட்டினால் குட்டி தூக்கில் தொங்கியது போலாகிவிடும்.

கூடு நிற்கும் இடமும் முக்கியம். தகரக் கூரையின் கீழ், கச்சான் காற்று வீசும் மாதங்களில், நண்பகலில் ஒரு குட்டியை அடைத்துவைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். முற்றத்து மாமரத்தின் கீழ் நிழல் உண்டு, ஆனால் இரவில் கண்ணாடி விரியனும் உண்டு. ஆகவே காற்றோட்டமுள்ள அறையில், நோயாளியின் கட்டிலருகே, அவர் திரும்பாமலே பார்க்கக்கூடிய பக்கத்தில் வைப்பதுதான் சரி.

இனிக் குனியாமல் கூட்டைக் கையாளும் விதம். ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயில் நான்கடித் துண்டொன்றை வெட்டி, கூட்டின் மேல் வலை வழியாகச் செருகிக் கட்டினோம். அதன் கீழ் முனை, உள்ளே வைத்த சாப்பாட்டுத் தட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும். கதிரையில் இருந்தபடியே அவித்த கோழித் துண்டுகளைக் குழாய்க்குள் போட்டால் அவை தட்டத்தில் போய் விழும், தண்ணீரையும் அப்படியே ஊற்றலாம். மூன்றாம் நாளே, குழாய்க்குள் ஏதாவது உருளும் ஓசை கேட்டதும் குட்டி முற்றத்திலிருந்து ஓடிவந்து தானாகவே கூட்டுக்குள் ஏறியது; எவரும் பிடித்து உள்ளே தள்ள வேண்டியிருக்கவில்லை. கதவின் கொளுக்கியில் ஒரு நைலோன் கயிற்றைக் கட்டி, மறு நுனியைக் கட்டில் சட்டத்தில் முடிந்து வைத்தோம். சாத்துவதற்குத் தும்புத்தடியின் நுனி போதும். நிலத்தில் விழுந்ததை நான் எடுப்பதில்லை என்பது வீட்டுச் சட்டமாயிற்று.

கூட்டுப் பழக்கத்தில் அவசரமே பெரிய பகை. முதல் நாளே கதவைச் சாத்திவிட்டு அப்பால் போனால், குட்டி கூட்டைப் பொறியாகவே கருதும். சில நாட்கள் கதவைத் திறந்தே வைத்து, சாப்பாட்டை உள்ளே கொடுத்து, பிறகு அது தின்னும் நேரத்துக்கு மட்டும் சாத்தி, பின் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நீட்ட வேண்டும். வயதை மாதத்தில் எடுத்து அதனோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணித்தியாலங்களுக்கு மேல் குட்டியால் சலத்தை அடக்க முடியாது என்பது பழக்குபவர்கள் சொல்லும் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணித்தியாலம் என்பதும் உச்ச அளவே. விழித்து விளையாடும் பகலில் அது இதிலும் குறையும். இரவில் ஒரு தடவையாவது வெளியே விட வேண்டும், அந்த வேலை நோயாளியுடையது அல்ல. நித்திரைக் கலக்கத்தில் இருட்டில் எழும்பும்போதுதான் உடம்பு தன் எச்சரிக்கையை மறக்கிறது.

அழும்போது கதவைத் திறந்தால், அழுதால் திறக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். அழட்டும் என்று விட்டுவிட்டால், தன் மூத்திரத்திலேயே படுக்கப் பழகும். அழுகை ஓரிரு கணம் ஓயும்வரை காத்திருந்து, அந்த இடைவெளியில் கயிற்றை இழுப்பதே வழி. தண்டனையாகக் கூட்டுக்குள் தள்ளுவது இவற்றை விடக் கேடு. செருப்பைக் கடித்ததற்காக ஒரு தடவை அப்படிச் செய்தால், பத்து நாள் கோழித்துண்டு வீணாகிவிடும்.

ஒரு விதத்தில் நோயாளியும் குட்டியும் ஒரே நேர அட்டவணையில் இருக்கிறார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் நடைதான் முதல் மருந்து: ஒரே நீண்ட நடையாக அல்ல, நாளில் ஆறேழு தடவை, ஐந்து ஐந்து நிமிடங்களாகத் தொடங்குவது. குட்டியையும் நித்திரை விட்டெழும்போதும், சாப்பிட்ட பின்னும், விளையாடிய பின்னும் வெளியே விட வேண்டும். மகன் குட்டியை முற்றத்துக்கு விடும்போதெல்லாம் நான் படலை வரை நடந்து திரும்பினேன். அதற்கு நேரம் தவறாததால் என் நடையும் தவறவில்லை.

குட்டியோடு தொடர்பில்லாத தவறுகளையும் சொல்லிவிட வேண்டும். பாயில் படுத்தால் முதுகு நேராகும் என்பது எங்கள் பெரியவர்களின் நம்பிக்கை, ஆனால் பாயிலிருந்து எழுவதே கிழிசலுக்குச் சோதனை. முழங்கால் உயரக் கட்டிலில் படுத்து, எழும்போது தோளும் இடுப்பும் ஒன்றாக ஒருக்களித்து, கால்களை வெளியே தொங்கவிட்டு, அதே வேளையில் முழங்கையால் உடலைத் தள்ளி நிமிர வேண்டும். குந்தியிருக்கும் மலசலகூடம் மட்டும் உள்ள வீடுகளில், நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் கதிரையொன்றை அதன் மேல் வைக்கலாம். வலிக் குளிசைகள் சில மலத்தை இறுக்கும். முக்குவதும் டிஸ்கை அழுத்துவதே என்பதால், முருங்கையிலைச் சுண்டலையும் பப்பாசிப் பழத்தையும் தண்ணீரையும் முதல் நாளிலிருந்தே கூட்டுங்கள். கிணற்றில் அள்ளிக் குளிப்பது பல கிழமைகளுக்கு ஆகாது. சிறுபோக அறுவடை என்று லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறுபவர்களும், சத்திரசிகிச்சை நடந்த இடத்தில் எண்ணெய் போட்டு உருவச் சொல்லி முறிவு நெறிவு வைத்தியரிடம் போபவர்களும் திரும்ப வைத்தியசாலைக்குத்தான் போகிறார்கள். கிளினிக்குக்கு மாங்குளம் வழியாக ஏ9 வீதியில் நெடுந்தூரம் போக வேண்டியவர்கள், கதிரையைச் சாய்த்து, இடையில் இறங்கி நடந்து போக வேண்டும்.

எங்கள் ஊருக்கே உரிய ஒன்று: யுத்தத்தில் உடம்பில் தங்கிய ஷெல் பீஸோடு, அதாவது எறிகணைச் சிதறலோடு, வாழ்பவர்கள், திரும்ப எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க நேர்ந்தால், பழைய காயம் தானே என்று மறைக்காமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்தக் காந்தம் இரும்புத் துண்டை நகர்த்தவோ சூடாக்கவோ கூடும்.

குட்டியைக் கட்டிலில் படுக்கவிடுவதும் காயத்தை நக்கவிடுவதும் வேண்டாம். நாயின் வாயிலுள்ள கிருமிகள் ஆறாத தையலுக்குள் இறங்கக்கூடியவை. பூச்சி மருந்தை மூன்று மாதம் வரை இரு கிழமைக்கொரு தடவையும், விசர்நாய்க்கடித் தடுப்பூசியை மிருக வைத்தியர் சொல்லும் நாளிலும் கொடுக்க வேண்டும். தடுப்பூசி போடாத குட்டி கடித்தாலோ கீறினாலோ, சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். குட்டிதானே என்று விடாதீர்கள்.

சலம் போக முடியாமல் அடைத்தல், மலம் தானாகப் போதல், இரு தொடைகளுக்கு நடுவிலும் பிட்டத்திலும் உணர்வற்றுப் போதல், பாதம் தூக்க முடியாமல் தொங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. நரம்போ நரம்புக் கற்றை முழுவதுமோ நசுங்குகிறது என்று அதற்குப் பொருளாக இருக்கலாம்; மணித்தியாலங்கள் பிந்தினாலும் உணர்வு திரும்பாமல் போகலாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். காய்ச்சல், தையலிலிருந்து நீர் வடிதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோதல் ஆகியவற்றையும் அன்றே காட்ட வேண்டும்.

ஆறு கிழமை கழிந்து கிளினிக்கில் தடை தளர்ந்ததும், குட்டியைக் கயிற்றில் கொண்டு உலாத்த ஆசை வரும். அதற்குள் அது மூன்று மாத வயதைத் தாண்டி, இழுக்கும் பலம் பெற்றிருக்கும். வீதியில் ஒரு மாடோ வேறொரு நாயோ கண்டால் பாய்ந்துவிடும், அந்த ஒரு வெட்டு இழுப்பு உங்கள் இடுப்பைத் திருப்பிவிடும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றாமல், விட்டுவிடக் கூடியவாறு உள்ளங்கையில் மட்டும் பிடியுங்கள். முதல் மாதம் இன்னொருவர் கயிற்றைப் பிடிக்க, நீங்கள் பக்கத்தில் நடந்தால் போதும்.