சின்னப் பிள்ளைகளோடு ஓர் இலையுதிர்கால நன்றி நடை: முதல்முறை செய்பவர்களுக்கு

முதல் வருடம் நான் செய்தது முழுப் பிழை. பன்னிரண்டு பிள்ளைகளை மேப்பிள் மரத்தடியில் வட்டமாக இருத்தி, "நீங்கள் எதற்கெல்லாம் நன்றி சொல்வீர்கள்?" என்று கேட்டேன். முதல் பிள்ளை "அம்மா, அப்பா" என்றது. மற்றப் பதினொரு பேரும் அதையே சொன்னார்கள். ஒருவன் மட்டும் ஐபேடையும் சேர்த்துக்கொண்டான். நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி ஒரு வாய்ப்பாடு. ஆசிரியை எதிர்பார்க்கும் விடையைச் சொல்லிவிட்டு ஓடிவிடும். அந்த வயதில் முதலில் கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நன்றி என்ற சொல் அதற்குப் பிறகுதான். கீழே சொல்வது எல்லாம் அந்த ஒழுங்கில்தான் அமைந்திருக்கிறது.

ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவில், வார இறுதித் தமிழ் வகுப்பொன்றின் பாலர் பிரிவோடு ஒவ்வோர் ஆண்டும் இதைச் செய்கிறோம். கனடாவில் ஒக்டோபர் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை நன்றி நவிலல் நாள். அறுவடைக்கு நன்றி சொல்லும் நாளாக 1957இல் அந்தத் திகதி நிலையாக்கப்பட்டது. நமக்குத்தான் தைப்பொங்கல் இருக்கிறதே என்று சில பெற்றோர் கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் இங்கே தைப்பொங்கலை மின்னடுப்பில் பொங்கி, புகை அலாரம் அலற, துவாயால் விசிறுகிறோம். அறுவடை என்றால் என்ன என்று பிள்ளை கேட்டால் யன்னலுக்கு வெளியே காட்டப் பனி மட்டும்தான் இருக்கும். ஒக்டோபரில் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டலாம்.

நாளும் இடமும்

நீண்ட வார இறுதியில் வைக்காதீர்கள். பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். அதற்கு முந்திய அல்லது பிந்திய சனிக்கிழமை காலை 10 மணி நல்லது. நடைபாதை ஒரு கிலோமீற்றருக்கு உள்ளே இருக்கட்டும். பெரியவர்கள் பத்து நிமிடத்தில் கடக்கும் தூரத்துக்கு இவர்கள் ஒரு மணி நேரம் எடுப்பார்கள், அதுதான் வேண்டியதும். கழிவறை இருக்கிறதா, அந்தப் பருவத்திலும் திறந்திருக்கிறதா என்பதைப் போய்ப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மூன்று பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை. அம்மம்மாக்களையும் அப்பப்பாக்களையும் தாராளமாகக் கூப்பிடுங்கள்.

நாங்கள் பெரும்பாலும் போவது ஹைலண்ட் கிறீக் ஓடை ஓடும் மோர்னிங்சைட் பூங்காவுக்கு. சில வருடங்களில் ரூஜ் தேசிய நகரப் பூங்காவுக்கும் போயிருக்கிறோம். அங்கே இலை, கல், கொட்டை எதையும் எடுத்து வரக் கூடாது என்பது சட்டம். ஆகவே பிள்ளைகள் கையில் வைத்து விளையாட ஒரு கூடை இலையை நான் என் வீட்டு முற்றத்திலிருந்தே கொண்டுபோகிறேன். எந்தப் பூங்காவானாலும் இந்தப் பழக்கம் வசதியானது.

பெற்றோருக்கு அனுப்பும் செய்தி

சுருக்கமாக எழுதுங்கள். காலையில் 6, 7 பாகைதான் இருக்கும், நண்பகலில் 14 வரை ஏறும். ஆகவே ஒரு தடித்த மேலங்கியைவிட மூன்று மெல்லிய உடுப்பு மேல். றப்பர் சப்பாத்து, ஒரு சோடி மேலதிகக் காலுறை, நீளக் காற்சட்டை. காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகி அனுப்பச் சொல்லுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

"படம் எடுப்பதற்காக அல்ல, நடப்பதற்காக" என்று ஒரு வரியும் சேருங்கள். ஒரு வருடம் இதை எழுத மறந்தேன். மூன்று பேர் பட்டுப் பாவாடையில் வந்து இறங்கினார்கள். ஈரப் புல்லில் பத்தே நிமிடம். முழங்கால்வரை சேறு, ஒருத்திக்கு அழுகை, அவளுடைய அம்மாவின் பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

சிறு தூறலுக்கு நிறுத்த வேண்டாம். இடி என்றாலும் பலத்த காற்று என்றாலும் கட்டாயம் நிறுத்துங்கள். காய்ந்த கொப்புகள் முறிந்து விழும் பருவம் இது.

முதல்நாள் தனியாகப் போய்ப் பாருங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். நீங்கள் தேடிப் பார்க்க வேண்டியது பொய்சன் ஐவி என்ற நச்சுச் செடியை. ஒரே காம்பில் மூன்று இலை, நடு இலையின் காம்பு மட்டும் சற்று நீளம். நிலத்தோடு பற்றையாகவும் நிற்கும், மரத்தில் மயிர் போன்ற வேரோடு கொடியாகவும் ஏறும். இலையுதிர்காலத்தில் அது அழகான சிவப்பாகிறது, "அழகான சிவப்பு இலை கண்டுபிடி" என்று நாமே பிள்ளைகளை ஏவிவிடுகிறோம். அருகிலேயே படரும் வேர்ஜினியாக் கொடியும் சிவக்கும், ஆனால் அதற்கு ஐந்து இலை. "மூன்று இலையா, முட்டாதே" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், பாட்டாகவே பாடுகிறார்கள். தொட்டுவிட்டால் கைக்குப் பூசும் கிருமிநீக்கி உதவாது. அது எண்ணெய், சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். ஒரு போத்தல் தண்ணீரும் சோப்பும் பையில் இருக்கட்டும்.

முடிச்சுக் கயிறு

பதினைந்து அடிக் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். வாகனத் தரிப்பிடத்திலிருந்து மரநிழல்வரை ஒவ்வொரு பிள்ளையும் தன் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கும். முடிச்சை விடாதே என்றால் புரிகிறது. வரிசையில் வா என்றால் புரிவதில்லை. பாதைக்குள் வந்ததும் கயிற்றைச் சுருட்டி வைத்துவிடுங்கள், திரும்பும்போதும் தேவைப்படும்.

பிறகு ஐந்து நிமிடம் நின்று கேட்பது மட்டும். கண்ணை மூடச் சொல்லாதீர்கள், அந்த வயதில் அரைவாசிப் பேர் பயப்படுவார்கள். காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். தெற்கே போகும் வாத்துக் கூட்டம் தலைக்கு மேலே கத்திக்கொண்டு போனால் உங்கள் அதிர்ஷ்டம்.

பச்சைத் துப்பட்டா

இலை ஏன் நிறம் மாறுகிறது என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். மெல்லிய பச்சைத் துப்பட்டா ஒன்றும் மஞ்சள் துணி ஒன்றும் கொண்டுபோங்கள். மஞ்சளின் மேல் பச்சையைப் போர்த்துங்கள். "இது கோடைகாலம்." பச்சையை மெல்ல இழுங்கள். "பகல் குறுகிவிட்டது, மரம் பச்சையைத் திருப்பி எடுக்கிறது." மஞ்சள் முன்பே அங்கே இருந்தது, பச்சை அதை மூடியிருந்தது. உண்மையில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். சிவப்பு வேறு கதை. அதை மேப்பிள் இலை இந்தப் பருவத்தில்தான் புதிதாக உண்டாக்குகிறது. அதற்கு என்னிடம் துணி இல்லை. "சிவப்பு இப்போது சமைத்தது" என்று சொல்லி விட்டுவிடுகிறேன்.

இனி உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுங்கள். இலை இன்னும் ஒட்டியிருக்கும் ஒரு தாழ்ந்த கொப்பை, முறிக்காமல், பிள்ளையின் கண்ணுயரத்துக்கு வளையுங்கள். காம்பு கொப்பைத் தொடும் இடத்தில், கக்கத்தில் ஒளித்து வைத்தது போல, எறும்பளவில் ஒரு மொட்டு இருக்கும். அடுத்த சித்திரையில் விரியப்போகும் மொட்டு, கோடையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அருகே இலை உதிர்ந்த இடத்தைக் காட்டுங்கள்: புண் இல்லை, வழுவழுப்பான சிறு தழும்பு. மரமே அந்த இடத்தை அடைத்து மூடிய பிறகுதான் இலையை விடுகிறது. ஒருமுறை ஒரு சிறுமி அந்த மொட்டைப் பார்த்துவிட்டு, "இலை இடம் பிடித்து வைத்திருக்கிறது" என்றாள். பஸ்ஸில் அவளுடைய அப்பப்பா அவளுக்குச் செய்வதுபோல.

இந்த ஒரு கொப்பில் பத்து நிமிடம் போனாலும் விடுங்கள். மற்ற எதையும் வெட்டலாம், இதை வெட்டாதீர்கள்.

அப்பிள்

இப்போது உட்காரலாம். மக்கின்ரொஷ் அப்பிள் வாங்குங்கள். 1811இல் ஒன்ராறியோவில் ஒரு விவசாயி காடு வெட்டும்போது கண்ட கன்றிலிருந்து வந்த இனம், இந்த மண்ணின் பழம். வழக்கம்போல் மேலிருந்து கீழாக வெட்டாமல், குறுக்கே வெட்டுங்கள். நடுவில் ஐந்து முனை நட்சத்திரம். ஒவ்வொரு முனையிலும் ஒரு சிறு அறை, அறைக்குள் விதை. எண்ணச் சொல்லுங்கள்.

கோணலான பழத்தையும் வேண்டுமென்றே இரண்டு வாங்கி வையுங்கள். சப்பையான பக்கத்தில் பெரும்பாலும் அறை வெறுமையாக இருக்கும். வைகாசியில் பூத்தபோது தேனீயின் வேலை அந்தப் பக்கத்துக்குப் போதவில்லை. விதை இல்லாத பக்கம் பழம் பருக்கவில்லை. தேனீ வந்ததை நாம் பார்க்கவில்லை, ஆனால் அது வந்த அடையாளம் கையில் இருக்கிறது.

கேள்வி கேட்க வேண்டிய இடம் இதுதான். "நன்றி" என்று தொடங்காதீர்கள். "இந்தப் பழம் உன் கைக்கு வர யார் யார் வேலை செய்தார்கள்?" என்று கேளுங்கள். தேனீ, மழை, வெயில், மண்புழு என்று போகும். "பறித்தது யார்?" என்று நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒன்ராறியோத் தோட்டங்களுக்கு யமெய்க்காவிலிருந்து 1966 முதலும் மெக்சிக்கோவிலிருந்து 1974 முதலும் பருவகாலத் தொழிலாளர் வருகிறார்கள். அறுவடை முடியும்வரை அவர்களுடைய பிள்ளைகள் அங்கே, அவர்கள் இங்கே. இதைப் பாலர் வகுப்புக்கு ஒரு வரியில் சொன்னால் போதும்: "தன் வீட்டை விட்டு ஒரு மாமா விமானத்தில் வந்து பறித்தார்." எங்கள் வகுப்பில் அதற்குப் பிறகு ஒரு நீண்ட அமைதி. வெளிநாட்டில் வேலை செய்யும் சித்தப்பா, மாமா இல்லாத வீடு எங்கே இருக்கிறது?

அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளையும் ஒருவரையோ ஒன்றையோ தேர்ந்து, கூடையிலிருந்து ஓர் இலையை வட்டத்தின் நடுவில் வைத்து, "தேனீயே, நன்றி" என்பதுபோலச் சொல்லட்டும். சொல்ல விரும்பாத பிள்ளை இலையை மட்டும் வைக்கலாம். "வீட்டில் நாங்கள் ஒருவருக்கொருவர் நன்றி என்று வாயால் சொல்லிப் பழக்கமில்லையே" என்று ஓர் அம்மம்மா கூச்சப்பட்டார். பிறகு எழுந்துபோய்ப் பேத்தியின் தலையைத் தடவிவிட்டு இலையை வைத்தார். அதுவும் கணக்கில் சேரும்.

ரூஜ் ஆற்றங்கரையில் 17ஆம் நூற்றாண்டில் செனெக்கா என்ற பூர்வகுடி மக்களின் ஊர் இருந்தது. அவர்களை உள்ளடக்கிய ஹோடநோஷோனி மக்கள், கூட்டங்களைத் தொடங்குமுன் மனிதர், நிலம், நீர், மீன், செடி, மரம், பறவை என்று படிப்படியாக வானம்வரை போய் நன்றி சொல்வார்கள். அதைப் பிள்ளைகளைக் கொண்டு நடிக்கவைக்காதீர்கள். அது அவர்களுடைய வழக்கு. அப்படி ஒரு மக்கள் இங்கே நமக்கு முன்பிருந்தே இருக்கிறார்கள் என்று சொல்வது மட்டும் நம் கடமை.

சாப்பாடு: அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும், குடுவையில் இளஞ்சூட்டு மைலோ. கச்சான் உட்பட எந்தக் கொட்டையும் வேண்டாம், ஒவ்வாமை உள்ள பிள்ளை எப்போதும் இருக்கும். திராட்சை கொண்டுவந்தால் நெடுக்காக நாலாக வெட்டுங்கள்.

ஓடையில் மீன்

புரட்டாதி ஐப்பசியில் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சமன் மீன்கள் ஹைலண்ட் கிறீக்குக்குள் ஏறிவரும். முட்டையிட்ட பின் செத்துவிடும். கரையிலிருந்து நாலு அடி தள்ளி நிற்க வேண்டும், கல் எறியக் கூடாது, அவ்வளவுதான் விதி. செத்த மீனைப் பிள்ளைகள் கட்டாயம் காண்பார்கள். "தூங்குகிறது" என்று சொல்லாதீர்கள். முட்டை போட்டு முடித்தது, செத்துவிட்டது, இனி ஓடைப் பூச்சிகளும் றக்கூன்களும் அதைத் தின்னும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். மீனுக்கும் நன்றி சொல்லலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "நாறுகிறது, வேண்டாம்" என்றான் ஐபேடுக்காரனின் தம்பி. வற்புறுத்தவில்லை.

வீட்டுக்குப் போனபின்

கொண்டுவந்த கூடையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு அன்று மாலையே ஒரு செய்தி அனுப்புங்கள்: குளிக்கவார்க்கும்போது உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பள்ளத்தாக்குகளில் கருங்கால் உண்ணி உண்டு, அது லைம் நோயைக் கொண்டுவரும். ஒக்டோபர் குளிரிலும் அது திரியும். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகச் சொன்னது இதற்காகத்தான். பார்க்க வேண்டிய இடங்கள்: முழங்காலின் பின்புறம், கக்கம், இடுப்புப் பட்டி, காதின் பின், தலைமயிரின் ஓரம். எள்ளளவுதான் இருக்கும். கடித்திருந்தால் நுனி கூரான சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேரே இழுக்க வேண்டும். எண்ணெய், தீக்குச்சி போன்ற ஊர் வைத்தியம் வேண்டாம். ஒரு நாளைக்குள் எடுத்துவிட்டால் ஆபத்து மிகக் குறைவு. எடுத்ததை ஒரு சிறு போத்தலில் போட்டு வைத்து, வைத்தியரைக் கேளுங்கள். முடிச்சுக் கயிற்றை வெயிலில் காயப்போட மறக்காதீர்கள். போன வருடம் நான் ஈரத்தோடு பைக்குள் வைத்துப் பூஞ்சணம் பிடித்து, புதிதாகப் பதினைந்து முடிச்சுப் போட வேண்டியிருந்தது.