மாற்று வரலாறு எழுதலாம் வாங்க: அல்பேனியாவுல உள்நாட்டுப் போர்

மாற்று வரலாறு, அதாவது நிஜ வரலாற்றுல ஒண்ண மாத்தினா என்ன ஆகியிருக்கும்ங்கிற கதை, எழுத உக்காந்தா முதல் பக்கத்துலயே டாங்க்க ஓட்டிட்டு வந்துடுறாங்க பல பேர். அது கடைசில வரட்டும், முதல்ல ஆட்சி எங்க விரிசல் விட்டுச்சுன்னு பாருங்க.

முதல் ஸ்டெப், நிஜத்துல நடந்தத எழுதி வைங்க. அல்பேனியாவ ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜா 1948ல யூகோஸ்லாவியாவோட முறிச்சுக்கிட்டார், 1961ல சோவியத்தோட, 1978ல சீனாவோட. மதத்துக்கு 1967ல தடை. வெளிநாட்டுக் கடன் வாங்கவே கூடாதுன்னு 1976 அரசியல் சட்டத்துலயே எழுதிட்டாங்க. போர் வந்தா கைகொடுக்க ஒருத்தர் கிடையாது, கதைக்கு இத விட என்ன வேணும்.

ரெண்டாவது, ஒரே ஒரு விஷயத்த மட்டும் மாத்துங்க. என் சாய்ஸ் 1981 டிசம்பர். பிரதமர் மெஹ்மத் ஷேஹு பையனுக்கு நிச்சயம் பண்ண பொண்ணோட சொந்தக்காரங்கள்ல ஆட்சியோட எதிரிகள் இருந்தாங்கன்னு பிரச்சனையாகி, மேலிடக் கூட்டத்துல அவர கிழிகிழின்னு கிழிச்சு, 17ஆம் தேதி காலைல படுக்கையறையில குண்டடிபட்டு கிடந்தார், தற்கொலைன்னு அறிவிச்சாங்க, சந்தேகம் இன்னும் தீரல. உங்க கதைல அதுக்கு முந்தின ராத்திரியே அவர் வீட்ட விட்டு வெளிய போயிடுறார். அவ்வளவுதான். கூடவே ஹோஜாவுக்கு ஹார்ட் அட்டாக்னு சேர்த்தீங்கன்னா கதை உங்க இஷ்டத்துக்கு வளையுதுன்னு படிக்கிறவனுக்கு தெரிஞ்சிடும்.

அடுத்து யார் யார் பக்கம். பாதுகாப்பு அமைச்சர் காத்ரி ஹஸ்பியு, உள்துறை அமைச்சர் ஃபெச்சோர் ஷேஹு, ரெண்டு பேரையும் நிஜத்துல 1982ல கைது பண்ணி 1983ல கொன்னுட்டாங்க. சும்மா இருந்தா சாவுதான்னு புரிஞ்ச ரெண்டு பேர், ஒருத்தர் கைல ராணுவம், இன்னொருத்தர் கைல ரகசியப் போலீஸ் சிகுரிமி, இங்கதான் போர் பிறக்குது. அல்பேனியர்கள்ல ரெண்டு பிரிவு, வடக்கு கெக், தெற்கு டோஸ்க், நடுவுல ஷ்கும்பின் ஆறு, அங்க கோடு போட்டு போர பிரிக்காதீங்க ப்ளீஸ், ஹோஜாவும் தெற்கு, மெஹ்மத் ஷேஹுவும் தெற்கு.

ஆயுதத்துக்கு 1997ஐ பாருங்க. சீட்டுக் கம்பெனிகள் கவுந்து ஜனங்க கிடங்குகள உடைச்சப்போ அஞ்சு லட்சத்துக்கு மேல ஆயுதம் வெளிய போச்சு, செத்தது சுமார் 2000 பேர். அந்தக் கிடங்கெல்லாம் ஹோஜா காலத்துல நிரப்புனதுதான். ஆனா 1981ல தனியாருக்கு கார் வச்சுக்கவே அனுமதி இல்ல, அதனால தப்பி ஓடுற குடும்பம் நடந்துதான் போகணும், இல்லன்னா கோவேறு கழுதை, சர்க்கார் லாரி யார் கைல இருக்கோ ரோடு அவங்களுது. ஒரு லாரி, டீசல் தீர்ற நேரம், எல்பசான் ரோட்டுல ஒரு செக்போஸ்ட், இத வச்சே முதல் அத்தியாயம் எழுதிடலாம்.

வெளிநாட்ட ரொம்ப இழுக்க வேணாம். யூகோஸ்லாவியாக்குள்ள அல்பேனியர்கள் அதிகமா இருந்த கொசோவோல 1981 மார்ச்லயே மாணவர் போராட்டம் வெடிச்சதால யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடுக்கு ஏற்கனவே வயித்துல புளி கரைஞ்சிட்டு இருந்துச்சு, அது போதும்.

அப்புறம் ஹோஜா சர்க்கரை நோயாளி, நிஜத்துல 1985 ஏப்ரல் 11ல செத்துட்டார். உங்க போர் அதுக்கு மேல இழுத்தா அவர் பக்கத்துக்கு அடுத்த ஆள், நிஜத்துல அவருக்கு அப்புறம் வந்த ராமிஸ் அலியாவா வேற யாராவதான்னு எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க.