"யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கதானே, அக்கா?"

சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில், சிறைவாசிகளோடு உட்கார்ந்து பேசும் தொண்டூழியம் தொடங்கிய புதிதில் ஒரு தம்பி என்னிடம் இப்படித்தான் கேட்டான். "சொல்லமாட்டேன்" என்றேன். அதன்பிறகு, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்றான். அறையை விட்டு வந்ததும் அதிகாரியிடம் சொன்னேன். சொல்லத்தான் வேண்டும். நான் செய்த தவறு, அந்த வாக்கைக் கொடுத்தது. மூன்று வாரம் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே, புதிதாகத் தொண்டூழியத்துக்கு வருபவர்களே, சிறைவாசி வாய் திறக்கும் முன் நீங்கள் பேசிவிடுங்கள். இப்போது நான் சொல்வது இது: "தம்பி, நீங்க பேசறது பெரும்பாலும் நமக்குள்ளதான் இருக்கும். ஆனா உங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னா அதிகாரிகிட்ட சொல்லிடுவேன். இன்னும் வெளிய வராத குற்றம் ஏதும் இருந்தா முதல்ல வக்கீல்கிட்ட பேசுங்க." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கொலை, கொள்ளை போன்ற குற்றங்கள் நடந்தது தெரிந்தும் தக்க காரணமின்றிப் போலிசிடம் சொல்லாமலிருக்கக் கூடாது என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424ஆம் பிரிவு. வழக்கறிஞரிடம் பேசுவதற்கு இருக்கும் பாதுகாப்பு நம்மிடம் பேசுவதற்கு இருக்கிறது என்று சிறைவாசி நம்பிவிடக் கூடாது.

"சரிக்கா" என்று அவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வராவிட்டால் விடுதலை தள்ளிப்போகுமோ என்ற பயத்தில் வந்து உட்கார்ந்திருப்பார். உங்கள் குறிப்பு எந்தக் கோப்புக்குப் போகிறது, யார் படிப்பார்கள் என்று அதிகாரியிடம் முன்பே கேட்டுவைத்து, அதைச் சிறைவாசியிடமும் சொல்லுங்கள்.

மனதைப் பிசைவது வேறொன்று. "அம்மாகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா." செய்யாதீர்கள். அனுமதியில்லாமல் கடிதம் கொண்டுபோவது சிறைச்சாலைச் சட்டப்படி குற்றம். வாய்ச்சேதி என்றாலும், அந்த ஒரு வார்த்தை யாருக்கு என்ன பொருள் தரும் என்று நமக்குத் தெரியாது. அம்மாவுக்கு எழுத வேண்டியதை முறைப்படி கடிதமாக எழுதச் சொல்லுங்கள். எழுத்து வராவிட்டால், எழுத உதவலாமா என்று அதிகாரியிடம் கேளுங்கள்.

நம் தமிழ்ச் சமூகம் சின்னது. ஒருமுறை என் எதிரே வந்து உட்கார்ந்தவன் பக்கத்து புளோக் அம்மாவின் மகன். அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி வேறொருவரிடம் மாற்றிவிட்டேன். தேக்காச் சந்தையில் அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ளய அங்க பாத்தியாம்மா?" என்று கேட்டார். பார்த்தேன் என்று சொல்ல முடியாது. பொய்யும் சொல்லக் கூடாது. "அங்க யாரைப் பாத்தேன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்லம்மா. நீங்க அவனுக்கு ஒரு கடிதம் போடுங்க" என்றேன். அவர் கையை நானாக விடுவித்துக்கொள்ளவில்லை.