‘நீங்க போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்’: குடும்பப் பண்ணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

3 ஏக்கர் தோட்டம். 2 கறவை மாடு, 8 வெள்ளாடு, 20 நாட்டுக்கோழி, வரப்போரம் தென்னை, 10 சென்ட்டில் வெண்டை, 20 சென்ட்டில் தீவனப்புல். கொங்குப் பக்கம் இப்படியொரு தோட்டத்தை வீட்டிலுள்ள நான்கு பேரே பார்த்துவிடுகிறார்கள். வேலை தெரியாதவர் யாரும் அங்கே இல்லை. ஒருவர் விட்ட வேலையை இன்னொருவர் பிடிக்கும் இடத்தில்தான் கோளாறு வருகிறது.

தீவனத்தில் ஆரம்பிக்கலாம். கலப்புத் தீவனத்துக்குப் பொதுவான கணக்கு, உடம்பு தேறி நிற்க நாளுக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. மருமகள் காலையில் அளந்து வைக்கிறார். மாமியார் விருந்தில் மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமில்லாமல் தொட்டியில் கொட்டுகிறார். மாமனார் ‘மாடு கத்துதே’ என்று இன்னொரு முறம் தவிடு வைக்கிறார். மூவரும் மாட்டின் மேல் பாசம் உள்ளவர்கள்தான். ஆனால் சோறும் மாவுச்சத்தும் ஒரே நாளில் அளவு மீறினால் மாட்டின் முதல் வயிற்றில் அமிலம் கூடிவிடும். அசை போடுவது நிற்கும், சாணம் தண்ணீராகிப் புளித்து நாறும், மாடு படுத்துவிடும். விருந்து, பொங்கல் முடிந்த மறுநாள் கால்நடை மருத்துவருக்கு வருகிற அழைப்புகளில் இது வழக்கமான ஒன்று. தீவனம் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். மற்றவர்கள் தண்ணீர் காட்டலாம், புல் போடலாம்; தவிட்டு மூட்டையைத் தொட வேண்டாம்.

புல் அறுப்பதிலும் இதே குழப்பம். கோ 4, கோ 5 வகைக் கம்பு நேப்பியர் நட்ட 75 முதல் 80 நாளில் முதல் அறுப்புக்கு வரும். பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. இன்று மகன், நாளை அப்பா என்று ஆள் மாறினால் இருவரும் வழியோரமாக இருப்பதையே அறுக்கிறார்கள். முன்பக்கம் தழைய நேரமில்லாமல் தேயும், பின்பக்கம் முற்றித் தண்டாகும், மாடு தண்டை ஒதுக்கும். அறுத்து நிறுத்திய இடத்தில் ஒரு குச்சி நட்டு வைத்தால் போதும்; அடுத்த ஆள் கேட்காமலே தெரிந்துகொள்வார்.

புல் பற்றாத நாளில் பக்கத்துச் சோளத்தில் கை வைப்பதுதான் ஆபத்து. பூக்காத இளஞ்சோளம், வெயிலில் வாடிய சோளம், அறுத்த தாளிலிருந்து துளிர்த்த மறுதாம்பு மூன்றிலும் சயனைடு நஞ்சு அதிகம். தின்ற சிறிது நேரத்திலேயே மாடு மூச்சுத் திணறி விழும். யூரியா கரைத்த வாளியைக் கழுவாமல் கட்டுத்தரையில் வைப்பதும், மருந்தடித்த வயலின் வரப்புப் புல்லைத் தெரியாமல் ஆட்டுக்கு அறுத்துப்போடுவதும் இதே ரகம். மருந்து அடித்தவர் வாயால் சொன்னால் மறந்துபோகும். வயல் முனையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, புட்டியில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடிந்த பிறகு அடித்தவரே அவிழ்க்க வேண்டும்.

கறவையில் நேரம் நிமிடக் கணக்கு. மடியைக் கழுவித் தடவியதும் பால் சுரக்க வைக்கும் இயக்குநீர் 5 முதல் 7 நிமிடம்தான் வேலை செய்யும். நடுவில் போன் வந்து எழுந்துபோனாலும், பாதியில் ஆள் மாறினாலும், பக்கத்தில் யாராவது சத்தம் போட்டாலும் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். கடைசியில் வருகிற பாலில்தான் கொழுப்பு அதிகம். அது மடியிலேயே நின்றால் பால் சொசைட்டியில் கொழுப்பு அளவு குறைந்து விலையும் குறையும். பழி புண்ணாக்கின் மேல் விழும்.

ஒருவருக்கு மட்டுமே மடி கொடுக்கும் மாடு வைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஒருவருக்குக் காய்ச்சல் வரும்வரைதான் அந்தப் பெருமை. இரண்டாவது ஆளை ஒரு வாரம் தீவனத்தோடு பக்கத்தில் நிற்க வையுங்கள். மறுவாரம் கடைசி இரண்டு காம்பை அவர் கறக்கட்டும். பிறகு வாரம் ஒரு வேளை முழுவதும் அவருடையதாக இருக்கட்டும்.

மடிநோய்க்கு மருந்து ஏற்றிய மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும். மருத்துவர் சொன்ன நாள்வரை அதன் பாலை கேனில் ஊற்றக் கூடாது. காலையில் கறந்தவருக்குத் தெரியும், மாலையில் கறப்பவருக்குத் தெரியாது. பின்னங்காலில் ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

அதிகப் பணம் போகிற இடம் சினைப்பருவம். மாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். விடாமல் கத்துவது, கண்ணாடி போன்ற சளி தொங்குவது ஆகிய அறிகுறிகள் விடியற்காலையிலும் இரவிலும்தான் நன்றாகத் தெரியும். பார்ப்பவர் கறக்கும் பெண். சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடுபவரின் எண் இருப்பது கணவரின் போனில், அவர் இருப்பது சந்தையில். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும். தவறினால் இன்னும் 21 நாள் தீவனம் தண்டம். அந்த எண் வீட்டில் எல்லோர் போனிலும் இருக்கட்டும். தேதியைத் தினசரி நாட்காட்டியில் குறிக்காதீர்கள். மறுநாள் காலையில் யாராவது அந்தத் தாளைக் கிழித்துவிடுவார்கள். மாதக் காலண்டரில் ஊசி போட்ட நாளையும், 21 நாள் கழித்துக் கவனிக்க வேண்டிய நாளையும் சேர்த்தே எழுதுங்கள்.

புதிதாக ஒரு பயிரோ கோழியோ சேர்க்கும்போது நிலம் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் காலை 5 முதல் 8 மணிவரை கை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கறவை, சொசைட்டி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு எல்லாம் அந்த நேரத்தில்தான். வெண்டை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்கக் கேட்கும். ஒரு பறிப்பு தள்ளினாலே முற்றிவிடும். தென்னை 45 நாளுக்கு ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும். ஏற்கெனவே இரண்டு மாடு இருந்தால் மூன்றாவது மாட்டைவிட வேலை குறைந்த தென்னங்கன்றே அந்த வீட்டுக்கு ஏற்றது.

மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வருகிற நேரமும் இந்தக் காலை வேலையோடு மோதும். அதனால் பலர் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்துவிடுகிறார்கள். ஒருவர் கிணற்றில் இறங்கிக் குழாயைச் சரிசெய்யும்போது கரண்ட் வந்தால் மோட்டார் தானே ஓடும். வீட்டிலிருக்கும் இன்னொருவர் ‘தண்ணி பாயலையே’ என்று போட்டுவிடுவதும் உண்டு. இறங்குபவர் மெயினை அணைத்து, மூன்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கித் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மேலே நிற்பவரிடம் கொடுத்துவிட்டு இறங்கக் கூடாது.